அம்மை போட்ட பிள்ளையை மடியில் வைத்திருந்தேன். எனக்கு ஒன்பது வாரம்!

கேள்வி: எனக்கு வயது 27. திண்டுக்கல் பக்கம் ஒரு சிறிய ஊரில் மழலையர் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். இது தலைப்பிள்ளை, ஒன்பது வாரம் ஆகிறது. போன வெள்ளிக்கிழமை என் வகுப்புப் பையன் ஒருவன் நாள் முழுக்கச் சிணுங்கிக்கொண்டே இருந்தான். மடியில் போட்டுத் தூங்கவைத்தேன். மறுநாள் அவனுக்கு உடம்பெல்லாம் அம்மைக் கொப்புளம் என்று அவன் அம்மா போன் செய்தார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. சின்ன வயதில் எனக்கு அம்மை போட்டதா என்று தெரியவில்லை. பக்கத்து லேபில் விசாரித்தேன். ‘டார்ச்’ என்று ஒரு பேக்கேஜ் இருக்கிறது, எல்லா வைரஸும் அதில் தெரிந்துவிடும் என்கிறார்கள். எடுக்கலாமா? அடுத்த செக்கப்புக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, அதுவரை பொறுக்கலாமா? என் மாமியார் நல்லவர்தான். ஆனால், “நாங்க எல்லாம் ஊசி குத்திக்கிட்டு, படம் புடிச்சுக்கிட்டா பெத்தோம்? மாசாமாசம் ரத்தத்தை உறிஞ்சி அனுப்புறாங்க” என்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது? வேலையை விட்டுவிடலாமா என்றும் யோசிக்கிறேன்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் கடிதம் கைக்கு வந்த அன்றே அதிலிருந்த எண்ணுக்கு அழைத்துப் பேசிவிட்டோம். இதழ் அச்சாகிக் கடைக்கு வரும்வரை காத்திருக்கக்கூடிய விஷயம் இல்லை அது. இருந்தாலும் இங்கே விரிவாக எழுதுகிறேன். பள்ளியிலும் அங்கன்வாடியிலும் வேலை பார்க்கிற பெண்களிடமிருந்து இதே கேள்வி அடிக்கடி வருகிறது. பெரும்பாலும் நாள் கடந்த பிறகு வருகிறது.

நாள் கடப்பதுதான் இதில் பெரிய சங்கடம். சின்னம்மையைத் தருகிற வைரஸ், கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே காற்றில் பரவத் தொடங்கிவிடும். ஆகவே வெள்ளிக்கிழமை பையனின் உடம்பு வழவழவென்று இருந்தது என்பதை வைத்து நிம்மதி அடைய முடியாது. ஒரே அறையில் கால் மணி நேரம் இருந்தாலே தொற்றுக்கு வாய்ப்பு உண்டு. நீங்கள் மடியில் வைத்திருந்தீர்கள். தொற்று ஒட்டியிருந்தால் உங்களுக்குக் கொப்புளம் வர 10 முதல் 21 நாள் ஆகும். அந்த இடைவெளிதான் நமக்குக் கிடைத்திருக்கும் அவகாசம். அதில் மூன்று வாரத்தைச் செக்கப் தேதிக்காகக் காத்திருந்து கழித்தால், பிறகு செய்வதற்கு அதிகம் மிச்சமிருக்காது.

முதல் வேலை உங்கள் அம்மாவிடம் கேட்பது. சின்னம்மை வந்து போன வீட்டில் யாரும் அதை மறப்பதில்லை. எந்த வயதில், யாரிடமிருந்து ஒட்டியது, எத்தனையாவது நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள் என்பதுவரை சொல்வார்கள். ஒருமுறை வந்துவிட்டதென்றால் கர்ப்பத்தில் அதைப் பற்றிப் பொதுவாகக் கவலைப்பட வேண்டியதில்லை. தெரியவில்லை என்றால், வந்தது தட்டம்மையா சின்னம்மையா என்ற குழப்பம் இருந்தால், ஒரு ரத்தப் பரிசோதனை போதும். சின்னம்மைக்கு எதிரான ஐ.ஜி.ஜி. என்கிற எதிர்ப்புப் புரதம் உங்கள் ரத்தத்தில் இருக்கிறதா என்று அது சொல்லிவிடும். பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னீர்கள், நல்லது. குளிர்நாடுகளில் சின்னம்மை பெரும்பாலும் குழந்தைப் பருவத்தோடு முடிந்துவிடுகிறது. நம்மைப் போன்ற வெப்பப் பிரதேசங்களில் அப்படி இல்லை. வளர்ந்தவர்களுக்கும் நிறைய வருகிறது. அதனால் ‘இந்த வயசுக்கு எல்லாம் வந்திருக்கும்’ என்று யாராவது ஆறுதல் சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

எதிர்ப்புச் சக்தி இல்லை என்று முடிவு வந்தால் இரண்டு வழிகள் உண்டு. தொடர்பு ஏற்பட்ட 10 நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் ஊசி போடலாம். வேறொருவர் உடம்பில் தயாரான எதிர்ப்புப் புரதத்தைச் சேகரித்துத் தருவது அது. விலை அதிகம், எல்லா ஊரிலும் கிடைக்காது; மாவட்டத் தலைமை மருத்துவமனை அல்லது மருத்துவக் கல்லூரி அளவில் விசாரிக்க வேண்டியிருக்கும். இன்னொரு வழி, தொடர்பு ஏற்பட்ட ஏழாம் நாளிலிருந்து அசைக்ளோவிர் வகை மாத்திரையை ஒரு வாரம் கொடுப்பது. உங்களுக்கு எது ஏற்றது என்பதை உங்களை நேரில் பார்க்கும் மருத்துவர் முடிவு செய்யட்டும். மருந்துக்கடையில் பெயரைச் சொல்லி வாங்கி நீங்களாக விழுங்கிவிடாதீர்கள். சின்னம்மைத் தடுப்பூசி இப்போது போடக்கூடாது, அது உயிருள்ள, வீரியம் குறைத்த வைரஸ்.

இத்தனையும் மீறிக் கொப்புளம் வந்துவிட்டால்? கருவைக் கலைத்துவிடலாமா என்று கேட்டு அழுதுகொண்டே வருகிறவர்கள் உண்டு. வேண்டாம். முதல் 12 வாரத்தில் தாய்க்குச் சின்னம்மை வந்து, அதனால் குழந்தைக்குக் குறை ஏற்படுவது ஆயிரத்தில் நான்கைந்து பேருக்குத்தான். 13 முதல் 20 வாரத்துக்குள் என்றால் நூற்றுக்கு இரண்டு. விரிவான ஸ்கேன் எடுத்துக் கவனிப்போம். இந்த நோயில் நான் அதிகம் பயப்படுவது தாயின் நுரையீரலுக்காக. கர்ப்பிணிக்குச் சின்னம்மை நிமோனியாவாக மாறினால் உயிருக்கே ஆபத்து. கொப்புளத்தோடு இருமலோ மூச்சுத்திணறலோ சேர்ந்தால் அந்த இரவே 108-ஐ அழைக்க வேண்டும்.

அம்மை போட்டிருக்கும்போது மருந்து கொடுத்தால் அம்மன் கோபிப்பாள் என்ற பேச்சு உங்கள் வீட்டிலும் வரலாம். வாசலில் வேப்பிலை செருகுவதையும், வெளியாட்களை உள்ளே விடாமல் இருப்பதையும், நோயாளியைத் தனியாக, சுத்தமாக வைத்திருப்பதையும் நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். தொற்றுநோய்க்கு நாங்கள் சொல்வதும் ஏறக்குறைய அதுதான். வேப்பிலையும் இருக்கட்டும், அசைக்ளோவிரும் இருக்கட்டும். கொப்புளம் தெரிந்த 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் அந்த மருந்து நன்றாக வேலை செய்யும். மூன்று தண்ணீர் ஊற்றி முடித்த பிறகு ஆஸ்பத்திரிக்கு வந்தால் எழுதிக்கொடுக்க ஒன்றும் இருக்காது. இன்னொன்று, வீட்டில் பெரியவர் யாருக்காவது அக்கி வந்திருந்தாலும் தள்ளியே இருங்கள். அக்கி என்பது பழைய சின்னம்மை வைரஸ் நரம்புக்குள் உறங்கிக்கிடந்து மறுபடி கிளம்புவது. காவி எழுதினாலும் எழுதாவிட்டாலும் அந்தக் கொப்புளத்து நீரிலிருந்து உங்களுக்குச் சின்னம்மை ஒட்டலாம்.

டார்ச் பேக்கேஜுக்கு வருகிறேன். எடுக்காதீர்கள். இதைச் சொல்வதால் லேப்காரர்கள் என்மேல் வருத்தப்படலாம், பரவாயில்லை. பச்சிளங்குழந்தையைத் தாக்கும் சில தொற்றுகளைச் சேர்த்து ஆண்ட்ரே நாமியாஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1971-ல் வைத்த பெயர் அது. டாக்ஸோபிளாஸ்மா, ரூபெல்லா, சைட்டோமெகலோ வைரஸ், ஹெர்பீஸ் ஆகியவை அதில் அடக்கம். முதலாவது வைரஸே இல்லை, ஓர் ஒட்டுண்ணி. நீங்கள் பயப்படும் சின்னம்மை பெரும்பாலான டார்ச் பட்டியல்களில் இருக்காது. எந்த அறிகுறியும் இல்லாத கர்ப்பிணிக்கு இந்தத் தொகுப்பைப் பொதுவாக எடுப்பதால் வருவது குழப்பம்தான். ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ் என்றால் எப்போதோ வந்து போயிருக்கிறது, எதிர்ப்புச் சக்தி இருக்கிறது என்று அர்த்தம்; அது நல்ல செய்தி. ஆனால் ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் பாசிட்டிவ் என்று இருப்பதைப் பார்த்துக் குடும்பமே இடிந்துபோகிறது. ஐ.ஜி.எம். என்ற இன்னொன்று, பழைய தொற்றிலும் மாதக்கணக்கில் ரத்தத்தில் தங்கலாம், தவறாகவும் காட்டலாம். அந்த ஒரு காகிதத்தை நம்பி நல்ல கருவைக் கலைத்துக்கொண்டவர்களும் உண்டு. சந்தேகத்துக்கு இடமிருந்தால், எந்த நோயோ அதற்கான பரிசோதனையை மட்டும் மருத்துவர் எழுதித் தருவார். செலவாகும் பணத்தில் பாதிக்கு வீட்டில் எல்லோருக்கும் கொசுவலை வாங்கிவிடலாம்.

அந்தப் பட்டியலில் நான் மதிக்கிற பெயர் ரூபெல்லா. 1941-ல் சிட்னியில் நார்மன் கிரெக் என்ற கண் மருத்துவரிடம் பிறவியிலேயே கண்புரையுள்ள குழந்தைகள் வரிசையாக வந்தார்கள். அந்தத் தாய்மார்களுக்குக் கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் லேசான காய்ச்சலும் தடிப்பும் வந்து போயிருந்ததை அவர் கவனித்தார். தாய்க்கு அது இரண்டு மூன்று நாள் அசதி. குழந்தைக்குக் கண், காது, இதயம். முதல் மூன்று மாதத்தில் ரூபெல்லா வந்தால் பத்தில் எட்டு ஒன்பது கருக்கள் பாதிக்கப்படலாம். வந்த பிறகு அதற்கு மருந்து கிடையாது. 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாமை இந்தியா தொடங்கியபோது முதல் கட்டத்திலேயே தமிழ்நாடு இருந்தது. ஆனால் அது ஒன்பது மாதம் முதல் 15 வயதுக்குள் இருந்தவர்களுக்கு. உங்கள் வயதுக் கணக்குப்படி நீங்கள் அதில் தப்பியிருப்பீர்கள். இப்போது போட முடியாது, அதுவும் உயிருள்ள வைரஸ் தடுப்பூசிதான். பிரசவமான பிறகு போட்டுக்கொள்ளலாம், தாய்ப்பால் கொடுக்கத் தடையில்லை. இதைப் படிக்கிற, அடுத்த ஆண்டு பிள்ளை பெறலாம் என்று நினைக்கிற பெண்கள் இந்த மாதமே போட்டுக்கொண்டு, ஒரு மாதம் மட்டும் தள்ளிப்போடுங்கள். கல்யாணத்துக்கு முன்பே போட்டுவிட்டால் அந்தக் கணக்குகூட வேண்டாம்.

உங்கள் மாமியாருடைய கேள்விக்கு வருவோம். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஐந்து பெற்றேன், ஆறு பெற்றேன் என்று சொல்கிறவர்களிடம், ஒருநாள் சாவகாசமாக உட்கார்ந்து எத்தனை தங்கியது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் குரல் மாறிவிடும். ‘பச்சை உடம்போட காமாலை வந்து போயிட்டா’ என்று ஒரு நாத்தனாரோ சித்தியோ நினைவுக்கு வருவார். எதிர்த்துப் பேசி நீங்கள் ஜெயிக்க வேண்டியதில்லை. ஒருமுறை உங்களோடு கூட்டிக்கொண்டு போங்கள். எடுக்கிற ரத்தம் எங்கே போகிறது என்று செவிலியர் சொன்னால் அவரே கேட்டுக்கொள்வார்.

எங்கே போகிறது? முதல் வருகையில் எடுக்கிற ரத்தத்தில் ரத்த அளவு, பிரிவு, சர்க்கரையோடு ஹெபடைட்டிஸ் பி, எச்.ஐ.வி., சிபிலிஸ் மூன்றும் பார்க்கப்படுகின்றன. சிபிலிஸ் பாக்டீரியா, மற்ற இரண்டும் வைரஸ். இந்த இரண்டும் சின்னம்மை மாதிரி கொப்புளம் காட்டி எச்சரிக்கை செய்யாது. வருடக்கணக்கில் ரத்தத்தில் இருந்தாலும் பசி, தூக்கம், முகப்பொலிவு எதுவும் மாறாது. ஹெபடைட்டிஸ் பி உள்ள தாயிடமிருந்து பிரசவ நேரத்தில் குழந்தைக்குத் தொற்றிவிட்டால், அப்படித் தொற்றிய பத்துக் குழந்தைகளில் ஒன்பதுக்கு அது வாழ்நாள் நோயாகத் தங்கிவிடும். முப்பது நாற்பது வயதில் கல்லீரல் சுருக்கமாகவோ புற்றுநோயாகவோ வெளிப்படலாம். தடுப்பது கடினமில்லை. பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்குத் தடுப்பூசி. தாய்க்குத் தொற்று உறுதி என்றால் கூடவே இம்யூனோகுளோபுலின் ஊசி, அதை முதல் 12 மணி நேரத்துக்குள் போடுவது நல்லது. தாயின் ரத்தத்தில் வைரஸ் மிக அதிகமாக இருந்தால் ஏழாம் மாதத்திலிருந்தே அவருக்கு டெனோஃபோவிர் மாத்திரை. ஆனால் ஏழாம் மாதத்தில் மாத்திரை தொடங்க வேண்டுமென்றால் மூன்றாம் மாதத்திலேயே தெரிந்திருக்க வேண்டுமே! வலி எடுத்த பிறகு முதல்முறையாக ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கிற பெண்ணுக்கு அதில் பாதி கைநழுவிப்போய்விடுகிறது.

எச்.ஐ.வி.யும் அப்படியே. இந்தியாவில் அந்தத் தொற்று முதன்முதலில் உறுதி செய்யப்பட்டது சென்னையில், 1986-ல். டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர்தான் கண்டுபிடித்தார்கள். அன்று கையில் மருந்து இல்லை. எந்தத் தடுப்பும் இல்லாவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்குப் போகும் வாய்ப்பு நூற்றுக்கு 15 முதல் 45 வரை. கர்ப்பத்திலேயே கண்டுபிடித்து மாத்திரை கொடுத்தால் அது ஐந்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. நம் அரசு மருத்துவமனைகளில் ‘நம்பிக்கை மையம்’ என்று பலகை மாட்டிய அறையில் இந்தப் பரிசோதனை இலவசம். முடிவை உங்களிடம் மட்டும்தான் சொல்வார்கள். கணவரையும் அழைத்துப் போங்கள். மனைவிக்கு மட்டும் பரிசோதனை செய்துவிட்டு அவரைக் கேள்வி கேட்காமல் விடுகிற வழக்கம் எனக்குப் பிடிக்காது. கர்ப்ப காலத்தில் அவரிடமிருந்து புதிதாகவும் தொற்றலாம்.

செக்கப் என்றால் வைரஸ் மட்டுமில்லை. ரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், எடை, குழந்தையின் வளர்ச்சி எல்லாம் உண்டு. அவற்றை இன்னொரு இதழில் பேசலாம். எத்தனை தடவை போக வேண்டும் என்றால், உலக சுகாதார நிறுவனம் 2016-லிருந்து எட்டு முறை என்கிறது. நம் அரசுக் கணக்கில் குறைந்தது நான்கு. 12 வாரத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்து பிக்மி எண் வாங்கிவிடுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் உதவித்தொகைக்கும் அந்த எண் வேண்டும். மாமியாரிடம் பேசும்போது இந்தத் தகவல் கொஞ்சம் உதவும்! ஒவ்வொரு மாதமும் 9-ம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளை மருத்துவரே பார்க்கும் முகாம் நடக்கிறது, கட்டணம் இல்லை.

மழைக்காலம் வருவதால் இரண்டு நோய்களைச் சொல்லிவிடுகிறேன். டெங்கு கொசு பகலில் கடிப்பது. ராத்திரி மட்டும் கொசுவர்த்தி கொளுத்திப் பயனில்லை. பள்ளியில் முழுக்கைச் சட்டை, பாதம் மூடும் உடை போடுங்கள். தண்ணீர்த் தொட்டிக்கு மூடி, வாரம் ஒருமுறை பாத்திரங்களைத் தேய்த்துக் கவிழ்ப்பது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். காய்ச்சல் வந்தால் பாரசிட்டமால் மட்டும். டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் தொடாதீர்கள்; மெடிக்கல் ஷாப்பில் ‘செட்டு மாத்திரை’ வாங்கவே வேண்டாம். டெங்குவில் காய்ச்சல் விட்ட நாளில்தான் ஆபத்து தொடங்குகிறது என்பதைப் பலர் அறிவதில்லை. விட்ட பிறகு கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், ஒரேயடியாகச் சோர்வு என்றால் உடனே அட்மிட் ஆக வேண்டும். இதே கொசுதான் ஜிகாவையும் பரப்புகிறது. 2021-ல் கேரளத்தில் முதலில் கண்டறியப்பட்டது நம் கன்னியாகுமரி எல்லையை ஒட்டிய பாறசாலைப் பகுதியைச் சேர்ந்த ஒரு கர்ப்பிணிக்குத்தான். அதற்குத் தடுப்பூசி இல்லை, கொசுவைத் தடுப்பதுதான் வழி.

இன்னொன்று மஞ்சள் காமாலை. குடிநீர்க் குழாயில் சாக்கடை கலக்கும்போது பரவுகிற ஹெபடைட்டிஸ் ஈ, மற்றவர்களுக்கு வந்து தானாகப் போகிற நோய். கடைசி மூன்று மாதத்தில் இருக்கும் கர்ப்பிணிக்கு வந்தால் ஐந்தில் ஒருவர்வரை உயிரிழக்கிறார்கள். கொதித்து ஆறிய தண்ணீர் மட்டும் குடியுங்கள்; கல்யாண வீட்டு மோர், தள்ளுவண்டி ஐஸ் இரண்டும் பிரசவம்வரை வேண்டாம். கண் மஞ்சளித்தால் கீழாநெல்லி அரைத்துக் குடித்து ஒரு வாரம் பார்க்கலாம் என்று உட்காராதீர்கள்.

பள்ளியில் தினமும் நீங்கள் சந்திக்கிற, யாரும் பேசாத ஒரு வைரஸ் உண்டு. சைட்டோமெகலோ வைரஸ். சின்னப் பிள்ளைகளின் எச்சிலிலும் சிறுநீரிலும் மாதக்கணக்கில் இருக்கும். நம் நாட்டுப் பெண்களில் பெரும்பாலோருக்குச் சிறுவயதிலேயே வந்து போயிருக்கும், அதனால் பயந்து நடுங்க வேண்டாம். மூக்கைத் துடைத்துவிட்டாலும், டயப்பர் மாற்றினாலும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பிள்ளை கடித்த பிஸ்கட்டை வாயில் போடாதீர்கள், வாயோடு வாய் முத்தம் வேண்டாம்.

தடுப்பூசிகளில் கர்ப்பத்தில் போடக்கூடியவையும் இருக்கின்றன. டெட்டனஸ்-டிப்தீரியா ஊசியைச் செவிலியரே போட்டுவிடுவார். ஃப்ளூ ஊசியை நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். செயலிழக்கச் செய்த வைரஸால் தயாரிப்பது அது. எந்த மாதத்திலும் போடலாம். 2009-ல் எச்1என்1 வந்தபோது கர்ப்பிணிகள் எவ்வளவு கடுமையாகப் பாதிக்கப்பட்டார்கள் என்பதைப் பார்த்த என் போன்றவர்களுக்கு இதில் இரண்டாவது யோசனை கிடையாது. பிறந்து ஆறு மாதம்வரை குழந்தைக்கு ஃப்ளூ ஊசி போட முடியாது. உங்களிடமிருந்து போகும் எதிர்ப்புச் சக்திதான் அதற்குக் காப்பு.

வேலையை விட வேண்டாம். ரத்த முடிவு வரும்வரை லீவில் இருங்கள். எதிர்ப்புச் சக்தி இருக்கிறது என்று வந்தால் மறுநாளே பள்ளிக்குப் போகலாம். இல்லை என்று வந்தால், தொடர்பு ஏற்பட்ட எட்டாம் நாளிலிருந்து 21-ம் நாள்வரை, இம்யூனோகுளோபுலின் ஊசி போட்டிருந்தால் 28-ம் நாள்வரை, நீங்களே மற்றவர்களுக்குப் பரப்பக்கூடும். அந்த நாட்களில் செக்கப்புக்குப் போக நேர்ந்தால் முன்கூட்டியே போன் செய்து சொல்லிவிடுங்கள். மற்ற கர்ப்பிணிகளோடு வரிசையில் உட்காராமல் தனியே பார்ப்பார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போவீர்கள் இல்லையா? வளைகாப்பு முடிந்து வண்டி ஏறும்போது புடவை, பலகாரம், வளையல் எல்லாம் போகும். ரிப்போர்ட் ஃபைல் புகுந்த வீட்டு அலமாரியிலேயே தங்கிவிடும். ஏழு மாதம் ஓர் ஊரில் பார்த்துவிட்டு வேறு ஊரில் வலியோடு வரும் பெண்ணிடம் பிரசவ அறையில் நாங்கள் முதலில் கேட்பது ரத்தப் பிரிவு, ஹெபடைட்டிஸ் பி, எச்.ஐ.வி. முடிவுகள். ‘எல்லாம் நார்மல்னு சொன்னாங்க’ என்ற பதிலை வைத்துக்கொண்டு குழந்தைக்கு எந்த ஊசி வேண்டும் என்று முடிவு செய்ய முடியாது. ஆகவே ஃபைலை உங்கள் கைப்பையில் வையுங்கள், ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக் கணவருக்கும் அம்மாவுக்கும் அனுப்பிவிடுங்கள். அம்மா ஊர்ச் செவிலியரையும் எட்டாம் மாதத்திலேயே ஒருமுறை பார்த்து பிக்மி எண்ணைக் காட்டிவிடுங்கள். சின்னம்மைப் பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். எதிர்ப்புச் சக்தி இல்லை என்றால் பிரசவத்துக்குப் பின் இரண்டு தவணை தடுப்பூசிக்கான தேதியையும் அந்த ஃபைலிலேயே குறித்துக்கொள்ளலாம்.